பயன் சொல்லும் கலை

நாவன்மை பிறவியிலே வாய்க்கும் ஒரு வரம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. மேடையிலே சொல்மாரி பொழியும் ஒருவரைக் கண்டவுடன், “அவர் நாவிலே கலைமகள் குடியிருக்கிறாள்” என்று கூறி அமைந்துவிடுகின்றோம். அவரைப் போற்றுவது போலத் தோன்றினும், அச்சொல் நம்மை நாமே உறங்கவைக்கும் தாலாட்டேயாகும். கலைமகள் அவரிடம் போய்விட்டாள், நம்மிடம் வரவில்லை, ஆகவே நாம் செய்யத்தக்கது யாதுமில்லை என்பதே அதன் உட்கிடை. முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன்னே நின்று ஓய்வுபெற்றவன் நான். வகுப்பின் கடைசி வாங்கிலே வாய்திறவாது அமர்ந்திருந்து, பத்தாண்டு கழித்தும் வாய்திறவாதே பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் பலரை அறிவேன். “அவன் பேசமாட்டான், சேர், அவன்ரை சுபாவம் அப்பிடி” என்று பெற்றோரும் சொல்வர், ஆசிரியரும் சொல்வர். சுபாவம் என்ற அந்த ஒரு சொல்லோடு ஒரு பிள்ளையின் கணக்கு முடிக்கப்பட்டுவிடும்.

நம் முன்னோர் இவ்வாறு கருதவில்லை என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பண்டித வகுப்பிற் படித்தவர் அனைவரும் அறிவர். நூலை ஒருமுறைக்கு இருமுறை கேட்டவன் பிழை நீங்குவான் என்றும், மூன்றாம் முறையும் கேட்டவனே அதனை முறையறிந்து பிறர்க்கு உரைக்க வல்லவனாவான் என்றும் அங்கே சொல்லப்படுகின்றது. அதன் பின்னர் வருவதொரு கணக்கு. ஆசிரியர் சொல்வதை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் ஒருவனுக்கு வாய்ப்பது புலமையிற் காற்பங்கே. தன்னோடொத்த மாணாக்கரோடு பழகிப் பேசுவதால் இன்னுமொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிற மாணாக்கர்க்கும் அவைக்கும் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே வந்து சேரும்.

இக்கணக்கை நான் மாணவனாக இருந்தபோது மனனஞ் செய்தேன்; ஆசிரியனாக இருந்தபோது உணர்ந்தேன். எடுத்துரைத்தல் என்பது கற்று முடித்த பின் செய்யும் காரியமன்று, கற்றலின் பெரும்பாதியே அதுதான் என்றல்லவா இலக்கண ஆசிரியர் சொல்கிறார்! அங்ஙனமாயின் வாய்திறவாத பிள்ளை, பேச்சுத்திறனை மட்டும் இழக்கவில்லை. தான் கற்றதிற் பாதியையும் இழக்கின்றான். திருக்குறளிலும் கேள்வி நாற்பத்திரண்டாம் அதிகாரம், சொல்வன்மை அறுபத்தைந்தாவது. இவ்வைப்புமுறைக்கு உரையாசிரியர் வேறு காரணங் கூறுவராயினும், முதலிற் செவியும் பின்னர் நாவும் என்ற வரிசை எனக்கு இயல்பானதாகவே படுகின்றது.

நன்னூல் ஏட்டிலே சொன்னதை நம் ஊர்க் கோயில்கள் நடைமுறையிலே செய்துவந்தன. யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்த மூத்த தலைமுறையினர்க்குப் புராணபடனம் புதிதன்று. கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அதற்குப் பொருள் விரிப்பார். பின்னையதற்குப் ‘பயன் சொல்லுதல்’ என்று பெயர். உரை சொல்லுதல் என்னாது பயன் சொல்லுதல் என்று வழங்கியோரின் நுண்ணறிவை நான் பல நாள் வியந்ததுண்டு. செய்யுளுக்கு உரை உண்டு. பயனோ கேட்பவனுக்கு உரியது. சுவடியை மட்டும் அறிந்தவர் உரை சொல்லலாம். எதிரே இருப்பவரையும் அறிந்தவரே பயன் சொல்ல முடியும்.

எங்கள் ஊர்க் கோயிலிலே பயன் சொல்லிய பெரியவர் பகலெல்லாம் புகையிலைத் தோட்டத்தில் நிற்பவர். மாலையிற் குளித்து, திருநீறு பூசி, வசந்த மண்டபத்திலே வந்தமர்ந்தாரென்றால் அவர் வேறு மனிதர். அவருக்கு எதிரே இருந்தவர்கள் யார்? கந்தபுராணத்தை நாற்பது வருடங் கேட்டுப் பழகிய கிழவர்கள், எழுத்தறியாத மூதாட்டியர், பிரசாதத்துக்காகக் காத்திருக்கும் எம்மைப் போன்ற சிறுவர். ஒரே செய்யுளை இம்மூவர்க்கும் ஏற்பச் சொல்லவேண்டும். ஒரு சொல்லைத் தவறவிட்டாற் கிழவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். பாட்டிமார்க்கு விளங்காவிட்டால் அவர்கள் தமக்குள்ளே கதைக்கத் தொடங்குவார்கள். எமக்குச் சுவைக்காவிட்டால் நாம் தூங்கிவிடுவோம். இதனினுங் கடுமையான பரீட்சையை எந்தப் பல்கலைக்கழகமும் வைத்ததாக நான் அறியேன். அவரது கண் ஏட்டில் இருந்ததைவிட எம்மீது இருந்ததே அதிகம். சூரபன்மன் போரிலே படைத்தொகை சொல்லும் இடம் வந்து, நாங்கள் நெளிவதைக் கண்டாரானால், நல்லூர்த் தேர்த்திருவிழாக் கூட்டத்தை எடுத்துக்காட்டிவிட்டு மேலே போவார்.

எழுபது வயதைக் கடந்த பின்னும், அவர் படனத்துக்கு முதல்நாள் மாலை என் தந்தையாரிடம் நூலோடு வருவதை நான் கண்டிருக்கிறேன். முப்பது தடவை பயன் சொல்லிய பாட்டில் ஒரு சொல்லுக்கு இன்னும் நல்ல விளக்கம் உண்டோ என்று கேட்பதற்காக வருவார். படனம் முடிந்து ஒழுங்கையால் வீடு திரும்பும்போது சிறுவர்களாகிய எங்களை நிறுத்தி அவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “தம்பியவை, இண்டைக்கு நான் சொன்னதிலை எது விளங்கேல்லை?”

இதனை ஆசிரிய அன்பர்கள் சற்றே நின்று நோக்கவேண்டும். “விளங்கினதோ?” என்று அவர் கேட்கவில்லை. வகுப்பறையிலே நாம் நாள்தோறும் கேட்பது அதுதான். கேட்டவுடன் நாற்பது குரல்களும் ஒருமித்து “ஓம், சேர்” என்னும். நாமும் அடுத்த பாடத்துக்குப் போவோம். அந்த “ஓம், சேர்” பெரும்பாலும் விளக்கத்தின் ஒலியன்று. மணி எப்போது அடிக்கும் என்னும் ஏக்கத்தின் ஒலி. “எது விளங்கவில்லை?” என்று கேட்டாலோ பிள்ளை ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னால் அது குற்றமன்று என்பதையும் கேள்வியே உணர்த்திவிடுகின்றது. அந்தத் தோட்டக்காரப் பெரியவரிடம் பெற்ற இவ்வொரு கேள்வி, ஆசிரிய கலாசாலையில் இரண்டாண்டு கற்றவற்றினும் எனக்கு அதிகம் உதவியது.

படனத்தின் வழிவந்த இந்தக் கலையைப் புதிய உருவிலே வார்த்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இற் பிறந்த அவர், சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் கற்றவர். வெசுலியன் மிசன் பாடசாலையிலே மாணவராயும் ஆசிரியராயும் இருந்தவர். அங்கே பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிற் பல்லாண்டு உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நாவலரின் உரைநடை எங்கே பிறந்தது என்று கேட்பார்க்கு நான் அந்த மேசையைச் சுட்டுவேன். பிறமொழிக் கருத்தொன்றை எடுத்து, தமிழ் மட்டும் அறிந்த ஒருவனுக்கு மயக்கமின்றி விளங்கவைக்க எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று வருடக்கணக்கிற் சிந்திப்பதைக் காட்டிலும் சிறந்த பயிற்சி எழுத்தாளனுக்கு ஏது? அவர் நம்பிக்கை கொள்ளாத சமயத்தின் நூல் அது. ஆயினும் அதன் பொருளைச் சிதையாது உரைக்கவேண்டுமென்ற கடப்பாட்டைத் தாமாக ஏற்றார். தாம் உடன்படாத கருத்தையும் நேர்மையாக எடுத்துரைக்கப் பழகியவரது வாதத்துக்கே பின்னாளிற் கூர்மை உண்டாகும் என்பது என் துணிபு.

1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. கோயிலிற் பொருள் சொல்வது பழைய வழக்கம். ஆனால் அது செய்யுளைப் பற்றிக்கொண்டு நடப்பது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனைத் தொடர்ச்சியான உரைநடையிலே வாதித்து நிறுவுவது தேவாலயப் பிரசங்க முறை. மிசன் பாடசாலையிற் கண்ட அம்முறையைச் சிவன் கோயில் மண்டபத்துக்குக் கொணர்ந்து, கொலை, மது, ஒழுக்கம், தானம், சிவலிங்க வழிபாடு என்று நாள்வாழ்வுக்கும் சமயத்துக்கும் உரியவற்றைப் பேசினார். எதிர்த்தரப்பாரிடமிருந்து முறையைக் கற்றுக்கொள்வதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

1849இல், அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்ற வழியிலே, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர் பிரசங்கத்தைக் கேட்டு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை அளித்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. சிறுவயதிலேயே பட்டம் பெற்றவர் பலரின் கதை அதனோடு முடிந்துவிடுகின்றது. பட்டத்தைப் பெயரின் முன்னே போட்டுக்கொண்டு, பழைய சொற்பொழிவையே ஊர்தோறும் காவித் திரிவோரை இன்றும் காண்கிறோம். நாவலரோ பட்டம் பெற்ற பின்னரே தம் மொழியைப் புதிதாகப் பழக்கலானார். வண்ணார்பண்ணையிலே தாம் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் பிள்ளைகளுக்கு வாசிக்கப் புத்தகம் இல்லை. பாலபாடங்களை எழுதினார். அவையின் பெரும்புலவரை வென்ற நா, அரிச்சுவடி தாண்டாத சிறுவனுக்கு ஏற்பச் சிறுசிறு வாக்கியங்களாகத் தன்னை வெட்டிக்கொண்டது. ‘பெரியபுராண வசனம்’ 1852இல் வந்தது. இலக்கணத்தைச் சுருக்கினார், இலங்கையின் பூமிசாத்திரத்தை எழுதினார், ஊர்வழக்குகள் பற்றிக் கண்டனப் பத்திரிகைகள் எழுதினார். தமிழ் வசனத்திலே நிறுத்தக் குறிகளை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடிகளுள்ளும் அவர் ஒருவர். காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இன்று நமக்கு அற்பமாகத் தோன்றலாம். அவை யாவை? பேசுவோன் மூச்சுவிடும் இடங்கள். முகங்காண முடியாத வாசகன் எங்கே இடறுவான் என்று எண்ணிப் பார்த்த ஒருவரே அவற்றை இட முடியும். பாலபாடத்தையும் கண்டனங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப்பாருங்கள். ஒருவர் எழுதியவை என்று நம்புவது கடினம். கேட்போர் மாறுந்தோறும் அவர் நடை மாறிற்று. 1879இல் அவர் மறையும் வரை இம்முயற்சி ஓயவில்லை.

எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. நாவலரது அவையிலே எல்லோர்க்கும் இடமிருக்கவில்லை. சாதியொழுங்கை அவர் ஏற்றுக்கொண்டவர். கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் செவியை எண்ணி அவர் வெட்டிக்கொண்ட வாக்கியம் எதுவுமில்லை. பயன் சொல்லும் கலையிலே நம்மவர் எத்துணை வல்லவராயினும், யாருக்குச் சொல்வது என்னும் கேள்வியிலே குறுகியே நின்றனர். அக்குறையை நிரப்பியவர்கள் பின்னே வந்தார்கள். அவர்களிடம் வருமுன்னர் இக்காலத்துப் பேச்சுப்போட்டி ஒன்றைச் சொல்லவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குத் தப்பமுடியாத தொண்டு, போட்டிகளுக்கு நடுவராயிருத்தல். சில ஆண்டுகளாக அத்தொண்டைச் செய்துவருகிறேன். பிள்ளைகள் வருவார்கள்; கைகூப்பி, “அவையோர்களே!” என்று விளித்து, வலக்கையை உயர்த்துமிடத்தில் உயர்த்தி, குரலைத் தாழ்த்துமிடத்தில் தாழ்த்தி, ஐந்து நிமிடத்தை ஒரு நொடியும் மிகாது நிரப்பிவிட்டு இறங்குவார்கள். எழுதியவர் ஆசிரியர், பயிற்றியவர் தாயார், ஒப்பித்தது பிள்ளை. நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைக் கூறுகிறார். அவற்றுள் வெற்றெனத் தொடுத்தலும் கூறியது கூறலும் இல்லாத பேச்சை இம்மேடைகளிற் காண்பது அரிது. அவ்வாறிருந்தும் கிண்ணம் கிடைத்துவிடுகின்றது. பிள்ளைக்குத் தான் பேசக் கற்றுவிட்டதாக நம்பிக்கையும் வந்துவிடுகின்றது.

ஒருமுறை ஒழுங்கமைப்பாளரின் இசைவோடு ஒரு சிறு மாற்றஞ் செய்தோம். பேசி முடித்த பிள்ளையிடம் அதே பொருள் பற்றி நடுவர் ஒரு கேள்வி கேட்பார். பிள்ளை தன் சொல்லிலே விடையிறுக்க வேண்டும். சுற்றாடல் பாதுகாப்புப் பற்றிப் பேசினாள் கரையோரக் கிராமத்துச் சிறுமி ஒருத்தி. ‘இயற்கையன்னையின் எழிற்கோலம்’ என்று தொடங்கிய அருமையான மனனம். “உங்கள் ஊர்க் கடற்கரையிலே ஏதேனும் மாறியிருக்கிறதா, பிள்ளை?” என்று கேட்டேன். அவள் திகைத்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நெடுநேரம் பேசாது நின்றாள், நாங்களும் பேசாதிருந்தோம். பின்பு, மேடைக்குரிய குரல் போய் வீட்டுக் குரல் வந்தது: “முந்தி அப்பா வலை காயப்போடுற இடம் இப்ப தண்ணிக்குள்ளை, சேர்.”

மண்டபம் அமைதியாயிற்று. ஐந்து நிமிடமாகச் சுவரைப் பார்த்திருந்த பெற்றோர் அவளைப் பார்த்தனர். கடலரிப்புப் பற்றி அன்று பேசப்பட்டது அந்த ஒரு வாக்கியந்தான். மதிப்பெண் இடும்போது எம்மிடையே வழக்கு மூண்டது. ‘மொழித் தூய்மை’ என்னும் தலைப்பின் கீழ் அவளுக்குப் புள்ளி குறைக்கவேண்டும் என்றார் உடனிருந்த நடுவர் ஒருவர். “அவள் சொன்னது விளங்கியதா?” என்று கேட்டேன். “விளங்கியது, ஆனால் அது மேடைத் தமிழன்று” என்றார். நெடுநேர வாதத்தின் பின் அவளுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

இலக்கிய உலகைத் தொடர்ந்து கவனித்து வருவோர்க்கு இவ்வழக்கு புதிதன்று. 1960களின் முற்பகுதியிலே நம் எழுத்தாளர்கள் கதைமாந்தரின் பேச்சை உள்ளவாறே எழுதத் தலைப்பட்டபோது, பண்டிதர் சிலர் அதனை ‘இழிசினர் வழக்கு’ என்று கடிந்தனர். முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து நின்றனர். மரபுப் போராட்டம் என்று அது பெயர்பெற்றது. நாளிதழ்களின் பக்கங்களிலேயே அப்போர் நடந்தது. இத்தனைக்கும், அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே, பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நாடகங்கள் எழுதி, 1940இல் ‘நானாடகம்’ என்னும் பெயரால் நூலாக்கியிருந்தார். பழங் கல்வெட்டுக்களின் மொழியை ஆராய்ந்து இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். கல்லிலே எழுதிய தமிழையும் கிணற்றடியிலே கேட்ட தமிழையும் ஒரே மதிப்போடு நோக்க அந்த அறிஞருக்கு இயன்றது. அரைகுறைப் படிப்புக்கே பேச்சுமொழி கூச்சம் தருகின்றது போலும்!

வாயிலுக்கு வெளியே நின்றோரின் குரலாக வந்தவருள் டொமினிக் ஜீவாவை இங்கே நினைக்கவேண்டும். 1927இற் பிறந்து 2021இல் மறைந்த அவர், ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். யாழ்ப்பாண நகரிலே சிகையலங்கார நிலையம் அவருக்குத் தொழிற்கூடமும் பள்ளிக்கூடமுமாயிற்று. தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்திருந்த ப. ஜீவானந்தத்தின் தொடர்பும் அவருக்கு வாய்த்தது. அவர் பெயரின் ஒரு பகுதியே டொமினிக்கின் பெயரோடு சேர்ந்தது. முடிவெட்டும் தொழிலைக் காட்டிலும் பலதரப்பட்ட மனிதரின் பேச்சைக் கேட்க வாய்ப்புள்ள தொழில் எது? வக்கீலும் கிளாக்கரும் சந்தை வியாபாரியும் அதே நாற்காலியில் அமர்வர், பத்திரிகை வாசிப்பர், வாதிடுவர். அத்தனையும் கேட்டுக் கேட்டு வளர்ந்த செவி, 1960இல் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதியைத் தந்தது. சாகித்திய மண்டலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. அவரும் பரிசோடு நின்றுவிடவில்லை. 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தினார். இதழைத் தாமே சுமந்து சென்று, வாசகர் கையிலே கொடுத்து, அவர் சொல்லும் குறையை நின்று கேட்டார். எது விளங்கவில்லை என்று ஒழுங்கையில் நிறுத்திக் கேட்ட எங்கள் ஊர்ப் பெரியவருக்கும் இவருக்கும் உறவு உண்டென்றே நான் கொள்வேன். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கண்டிருந்தாலும் ஒருவர் கோயிலுக்குள் மற்றவர் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்பது வேறு கேள்வி.

பேச்சுவழக்கே போதும், செந்தமிழ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளற்க. அந்தக் கரையோரச் சிறுமி நாளை பிரதேச செயலகத்துக்குத் தன் ஊர்க்கரை பற்றி ஒரு கடிதம் எழுதவேண்டி வரலாம். அப்போது வீட்டுக் குரல் மட்டும் உதவாது. திகதி, இடம், அளவு, கோரிக்கை என்று ஒழுங்குபட எழுதும் நடை அவளுக்கு வேண்டும். முன்பு கச்சேரி வாயிலிலே மேசை போட்டுப் பெட்டிசம் எழுதிக்கொடுப்போர் இருந்தனர். அவர்களுள் வல்லவர் ஒருவரை நான் இளமையிலே கவனித்திருக்கிறேன். வந்தவர் அழுது முடியும்வரை பேனாவைத் தொடமாட்டார். பிறகு மூன்று கேள்வி கேட்பார்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, துரை என்ன செய்யவேண்டும்? அதன் பின் எழுதுவது ஒரே பக்கம். அழுகையிலிருந்து அந்த ஒரு பக்கத்துக்குப் போகும் வழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும். வீட்டு மொழியைப் பிடுங்கிவிட்டு மேடை மொழியை நடுவதால் அது வாராது. பிள்ளை தன் சொல்லிலே முதலிற் சொல்லட்டும். அதையே பின் கடிதமாகவும், அதன்பின் கட்டுரையாகவும் அவளே மாற்றட்டும். வாரம் ஒரு பாடவேளை இதற்குப் போதும். பாடத்திட்டம் முடியவில்லை என்று ஆசிரியர்கள் முறையிடுவர் என்பதை அறிவேன். நானும் முப்பத்தைந்து ஆண்டுகள் அம்முறைப்பாட்டைச் சொன்னவனே.

இது மாணவர் விடயம் மட்டுமன்று. ஐம்பதைத் தாண்டிய பின் நாம் பேசுவது பெருகி, கேட்பது அருகிவிடுகின்றது. மக்கள் வெளிநாட்டிலிருந்து கைத்தொலைபேசியிலே முகங்காட்டிப் பேசும்போதுகூட, அவர்கள் ஒரு சொல் சொல்லுமுன் நாம் பத்துச் சொல்லிவிடுகிறோம். நமது நாட்டிலோ முதுமையிலும் பயின்றாகவேண்டிய இன்னொரு பாடமும் இருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவைத் தென்பகுதி வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மருத்துவர் என்னிடம் ஆங்கிலத்திற் கேட்டார்; நான் தமிழாக்கினேன்; பெரியம்மா, “நெஞ்சுக்கை ஒரு மாதிரிக் கிடக்கு” என்றார்; நான் அதனை ஆங்கிலமாக்கினேன். அவ்வளவோடு கடுதாசியில் ஏதோ எழுதப்பட்டது. நான் மருந்துச் சீட்டோடு வெளியே நின்ற வேளையிலே, சிங்களத் தாதி ஒருவர் கட்டிலருகே வந்து குனிந்து, “அம்மா, எங்கே நோகுது?” என்று கேட்பது காதில் விழுந்தது. கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். பெரியம்மா அவர் கையைப் பிடித்துத் தம் விலாவின் கீழே வைத்தார். அதன்பின், மகன் முறையாகிய என்னிடம் சொல்ல நாணிய பலவற்றை அந்தத் தாதியிடம் சொல்லத் தொடங்கினார். தாதிக்கு எல்லாம் விளங்கியதென்று சொல்லமுடியாது. விளங்காத சொல்லை, “அது என்ன, அம்மா?” என்று மறுபடி கேட்டார். மாலையில் மருந்து மாற்றப்பட்டது.

2007 ஜூலை முதலாந் திகதிக்குப் பின் அரச சேவையிற் சேர்ந்தோர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது விதி. சான்றிதழ் பெற்றவர் பலர், பேசுவோர் சிலர். அந்தத் தாதி அவ்விதிக்கு முன்னரே சேவைக்கு வந்தவராம். முப்பத்தெட்டாம் வயதிலே, நோயாளர் சொல்லும் வாக்கியங்களை நாளுக்கு ஒன்றாகக் கொப்பியிற் சிங்கள எழுத்திலே எழுதிவைத்துத் தமிழ் பயின்றதாக என்னிடம் கூறினார். கொப்பியையும் காட்டினார். முதற்பக்கத்தில் இருந்த சொற்கள் நோ, காய்ச்சல், தலைச்சுற்று, பயம். பயம் என்ற சொல்லை அவருக்குக் கற்பித்த நோயாளர் யாரோ!

அந்தக் கொப்பியைக் கண்டபின் நானும் ஒன்று வாங்கினேன். பாடசாலையிலே படித்த சிங்களம் எழுத்தை வாசிக்கும் அளவில் நின்றுவிட்டிருந்தது. இப்பொழுது எங்கள் சந்தியிலே பேக்கரி நடத்தும் காலியூர் இளைஞரிடம் நாள்தோறும் மாலை ஒரு வாக்கியம் கேட்டு எழுதுகிறேன். அவர் என்னிடம் ஒரு தமிழ் வாக்கியம் கேட்டு எழுதுகிறார். நம்மிடம் இல்லாத அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட அவர்களது உயிரொலியை நான் சொல்லும்போது பாண் வாங்க வந்தோர் சிரிக்கின்றனர். அவர் ழகரத்தைச் சொல்லும்போது நான் சிரிப்பதில்லை. நம்மூரிலேயே அதனைச் சரியாகச் சொல்வோர் எத்தனை பேர்? நேற்று நான் கேட்ட வாக்கியம், “நீங்கள் சொன்னதில் எனக்கு இது விளங்கவில்லை” என்பது. அவர் அதனை மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார்: வயதில் மூத்தோரிடம் ஒன்று, நண்பரிடம் ஒன்று, கந்தோரில் ஒன்று. மூன்றையும் எழுதிக்கொண்டேன்.